உப்புக்காற்றும் வீட்டு மின்சாரமும்

மார்கழித் திருவாதிரை வந்துவிட்டால் உத்தரகோசமங்கை தன் வழக்கமான அமைதியை இழந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருக்கும் மரகத நடராஜப் பெருமானின் திருமேனியை, அக்காப்புக் களையப்படும் அந்தத் தருணத்தில் தரிசித்துவிட வேண்டும் என்னும் ஆவலோடு பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிய, உறவினரை உபசரிக்கும் வீடுகளில் கிரைண்டரும் மிக்சியும் தண்ணீர் மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்குகின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையின் ஈரம் சுவர்களை விட்டு முற்றிலும் நீங்காத காலம் அது. ஆகவே, அதுவரை வெளித்தெரியாமல் இருந்த மின் கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டுவதும், எலக்ட்ரீசியனைத் தேடி ஆள் அனுப்புவதும், வந்தவர் அவசரத்தில் இரண்டு கம்பிகளை முறுக்கிக் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதும் இயல்பாகிவிடுகின்றன. மின்பணியாளரை அழைக்கத் தக்க மாதம் மார்கழி அன்று; மழைக்கு முந்திய புரட்டாசியே.

இந்தப் பிரதேசத்துக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. தெற்கே கீழக்கரையும் ஏர்வாடியும் மன்னார் வளைகுடாவைப் பார்த்து நிற்க, அங்கிருந்து வீசும் காற்று உப்பைச் சுமந்துகொண்டே வருகிறது. காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் சுபாவம் உப்புக்கு இருப்பதால், சுவிட்சுக்குள்ளும் பிளக் பாயிண்டுக்குள்ளும் இருக்கும் பித்தளைத் திருகுகளிலும் செம்புக் கம்பி முனைகளிலும் களிம்பு ஏறி, மின்சாரம் செல்லும் வழி குறுகி, குறுகிய அந்த இடத்தில் உஷ்ணம் பிறந்து, மேலுறை கருகத் தொடங்குகிறது. சுவிட்சைத் தொட்டால் சூடு தெரிவதும், பிளக்கைச் செருகும்போது பொறி பறப்பதும், மின்விசிறி போட்டவுடன் விளக்கு நடுங்குவதும், இன்னதென்று சொல்ல முடியாத தீய்ந்த வாடை வீசுவதும் அதன் அடையாளங்கள். ‘லூஸ் கான்டாக்ட்’ என்று எளிதாகச் சொல்லிவிடும் இந்த விஷயமே தீவிபத்துக்கு முதற்படியாக அமையக்கூடும் என்பதை நம்மவர் பலர் உணர்வதில்லை.

ஆனால் உப்பு செய்யும் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மண்ணுக்குள் நிகழ்கிறது. எர்த் இணைப்புக்காகக் கொல்லையில் குழி வெட்டி, துத்தநாகப் பூச்சிட்ட இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, அதிலிருந்து பச்சைக் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவருவது நெடுநாளைய வழக்கம். சீமைக் கருவேலங்கரிக்கும் வாலிநோக்கத்து உப்புக்கும் பஞ்சமில்லாத இந்த ஜில்லாவில் குழி அமைப்பது கடினமன்று. அதைக் காப்பாற்றுவதே கடினம். உவர்மண் குழாயைச் சில ஆண்டுகளில் அரித்துத் தின்றுவிடுகிறது. கோடையில் குழியோ வறண்டு பயனற்றுப் போகிறது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே மேலுறை பழுதடைந்து, அதன் இரும்பு உடம்பில் மின்சாரம் பாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் மண்ணுக்குள் பாய, 16 ஆம்பியர் ஃபியூஸ் உருகி மின்சாரம் துண்டிக்கப்படும், வீட்டார் பிழைப்பார்கள். வறண்ட குழியின் தடை 50 ஓம் என்றாலோ பாய்வது ஐந்து ஆம்பியருக்கும் குறைவே. ஃபியூஸ் அசையாது, விளக்குகள் வழக்கம்போல் எரியும், ஈரக் கையோடு பெட்டியைத் திறக்க வரும் குழந்தையின் வழியே மின்சாரம் தனக்கு வேறு பாதை தேடிக்கொள்ளும். நம் தேசத்தில் ஆண்டுதோறும் மின்தாக்கால் மாள்பவர் 10,000 பேருக்கும் மேல் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடுகள் காட்டுகின்றன.

எனவே ஒரு மின்பணியாளரின் தகுதியை அறிய நான் கொள்ளும் முதல் பரீட்சை, அவர் எர்த்தைப் பற்றி விசாரிக்கிறாரா என்பதுதான். விசாரிப்பவரை விட்டுவிடாதீர்கள். எர்த் கம்பி இல்லாத இடத்தில் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிட்டால் போதும் என்பவரையும், மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகுபவரையும், அவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவதே க்ஷேமம்; நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், முதலாமவர் செய்த இணைப்பின் வழியாக வீட்டிலுள்ள இரும்புச் சாமான் ஒவ்வொன்றிலும் மின்சாரம் ஏறி நிற்கும்.

தகுதிக்குச் சான்றும் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர், கம்பியாள் ஆகிய பிரிவுகளில் இரண்டாண்டு பயின்றவர்கள் ஒருபுறம். அங்கெல்லாம் படிக்க வசதியின்றி, பெரியவர் ஒருவரிடம் உடனிருந்து ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் வயரிங் வேலை பழகிய பின் அரசு நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வில் தேறியவர்கள் மறுபுறம். இருவரும் மரியாதைக்குரியவர்களே. “தம்பி, சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சைத் தாமே நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பின் கம்பியைத் தொடுகிறாரா என்றும் கவனியுங்கள். சாமான்களின் பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டு, கூலியைத் தனியே பேசிவிடுவது இருதரப்புக்கும் நல்லது. கூலியை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டு நல்ல வேலையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. கம்பி ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள செம்புக் கம்பியாக இருக்கட்டும். விளக்கு, விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும், 16 ஆம்பியர் பாயிண்டுகளுக்கு 2.5-ம், ஏ.சி.க்கு 4-ம் சாதாரணமாகப் போதுமானவை.

எல்லாவற்றுக்கும் எலக்ட்ரீசியனை அழைப்பதும் சரியன்று. கம்பத்திலிருந்து மீட்டர் வரையில் மின்வாரியத்தின் பொறுப்பு. அதைத் தாண்டியதே வீட்டுக்காரரின் பொறுப்பு. இதே ஜில்லாவில் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. அத்தகைய பெருநிலையங்களிலிருந்து புறப்பட்டு வரும் மின்சாரம் எவ்வளவு ஒழுங்காக வந்து சேர்ந்தாலும், கடைசி நூறடிக் கம்பி நம் ஜாக்கிரதையைத்தான் நம்பியிருக்கிறது. தெருவில் சில வீடுகளில் விளக்கு மங்கி, வேறு சில வீடுகளில் கண் கூசும்படி எரிந்தால், தெருக்கம்பியில் நியூட்ரல் அறுந்தது என்று கொள்ளலாம். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 400 வரை ஏறக்கூடுமாதலால், உடனே மெயினை நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண்ணான 94987 94987-க்குச் சொல்ல வேண்டும். லோ வோல்டேஜ் என்று தெரிந்தும் மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போடுவது, அதன் சுருளைக் கருக்குவதற்கே வழி.

மின்விசிறி மெதுவாகச் சுழன்றால் பெரும்பாலும் கண்டென்சர் தளர்ந்திருக்கும். சொற்பச் செலவில் மாற்றலாம், விசிறியையே மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம். மின்சாரம் மிகும்போது தானே துண்டிக்கும் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதை விழாமற்செய்யப் பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டுவதும், பீங்கான் ஃபியூசில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதும் காவல்காரனின் வாயைக் கட்டுவது போன்றவை. விழுவதற்கான காரணத்தைத் தேடுவதே வைத்தியம்.

இவற்றோடு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை ஒவ்வொரு வீட்டிலும் பொருத்திவிட வேண்டும். எர்த் குழி வறண்டு ஃபியூஸ் கைவிடும் அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அதுவே. எர்த்துக்கு அது மாற்றாகாது. இரண்டும் சேர்ந்திருப்பதே பூரணப் பாதுகாப்பு. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அழுத்திப் பாருங்கள். உடனே விழாத கருவியை மாற்றிவிடுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். புரட்டாசியில் நம்பகமான மின்பணியாளர் ஒருவரை அழைத்து, அந்தக் குழியின் தடையைக் கருவி கொண்டு அளந்து சொல்லும்படி கேளுங்கள்.