கருவின் மரபணுச் சோதனை: தவறவிடக் கூடாத வாரங்களும் கையில் இருக்க வேண்டிய காகிதங்களும்

கருவிலுள்ள குழந்தைக்கு மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று கண்டறியும் வசதி தமிழ்நாட்டில் இல்லாத ஒன்றல்ல. ஆனால் அதை நாடி வரும் குடும்பங்களில் பல, உரிய வாரம் கடந்த பிறகு வருகின்றன. சில, முந்தைய குழந்தையின் நோயை உறுதிசெய்த அறிக்கை இல்லாமல் வெறுங்கையோடு வருகின்றன. வேறு சில, முதற்கட்டச் சோதனையின் முடிவையே இறுதி முடிவாகக் கொண்டு கருவைக் கலைத்த பின், அது சரிதானா என்று கேட்டு வருகின்றன. இந்த மூன்று பிழைகளும் தவிர்க்கக் கூடியவை. தவிர்க்கப்படாமல் போவதில் குடும்பத்தாரின் அசட்டைக்கு ஒரு பங்கு உண்டென்றால், கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே சில அடிப்படைக் கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாத மருத்துவ நிலையங்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

முதலில் தெளிவாக வேண்டியது, இச்சோதனைகள் இரு வகைப்படும் என்பதே. ஒரு வகை, கோளாறு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் கணித்துச் சொல்லும் வடிகட்டும் சோதனை. மற்றது, கருவின் அல்லது நஞ்சுக்கொடியின் உயிரணுக்களையே எடுத்து, கோளாறு உண்டு அல்லது இல்லை என்று உறுதி செய்யும் சோதனை. கர்ப்பத்தின் 11ஆம் வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரையிலான காலத்தில், கருவின் பிடரித் தோலுக்கடியில் தேங்கும் நீரின் பருமனை அளக்கும் என்டி ஸ்கேனும், தாயின் இரத்தத்தில் இரு வேதிப்பொருள்களை அளக்கும் டபுள் மார்க்கர் சோதனையும் முதல் வகையைச் சேர்ந்தவை. இவ்விரண்டும் தாயின் வயதோடு சேர்த்துக் கணக்கிடப்படும்போது, டவுன் நோய்க்குறி உள்ள 100 கருக்களில் ஏறத்தாழ 85 முதல் 90 வரை அடையாளம் காணப்படுகின்றன. அதே வேளையில், கோளாறு இல்லாத கருவைச் சுமக்கும் 100 பெண்களில் ஏறக்குறைய 5 பேருக்கு ‘ஆபத்து அதிகம்’ என்று தவறாகவும் வருகிறது. 14ஆம் வாரம் தொடங்கிவிட்டால் என்டி அளவைக் கொண்டு கணிக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. எந்த மருத்துவராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ‘மூன்று மாதம் முடியட்டும், வெளியில் சொல்லிக்கொள்ளலாம்’ என்று மருத்துவரிடமே போகாமல் காத்திருக்கும் வழக்கம், இந்தச் சோதனையைப் பொறுத்தவரை நேரடியான இழப்பு.

இந்தக் கணிப்பின் முடிவு ஒரு தாளில் 1:180 என்பது போன்ற எண்ணாக, பெரும்பாலும் சிவப்புக் கட்டத்துக்குள் அச்சாகி வரும். அதன் பொருள், இதே முடிவைப் பெற்ற 180 பெண்களில் ஒருவரின் குழந்தைக்கு அக்கோளாறு இருக்கலாம், 179 பேரின் குழந்தைகளுக்கு இராது என்பதே. அந்தச் சிவப்பு நிறத்தைக் கண்டு, குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பும் ஆய்வக ஊழியரும், அதைக் கேட்டு மறுநாளே கருக்கலைப்பு மாத்திரை வாங்கும் குடும்பமும் செய்வது மன்னிக்க முடியாத அவசரம். தாளில் எண்ணை மட்டும் பார்க்காமல், கணக்கிடப் பயன்பட்ட விவரங்களையும் பார்க்க வேண்டும்: தாயின் பிறந்த தேதி, எடை, நீரிழிவு உண்டா, இரட்டைக் கருவா, செயற்கைக் கருத்தரிப்பா, ஸ்கேன் எடுத்த தேதி ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் விடை மாறிவிடும்.

தாயின் இரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை ஆராயும் என்ஐபிடி என்னும் சோதனை 10ஆம் வாரம் முதல் செய்யக் கூடியது. டவுன் நோய்க்குறியைக் கண்டறிவதில் 100க்கு 99 என்ற அளவில் திறன் வாய்ந்தது. ஆயினும் இதுவும் வடிகட்டும் சோதனையே. கருவினுடையவையாகக் கொள்ளப்படும் அத்துணுக்குகள் பெரும்பாலும் கருவிலிருந்து நேராக வருபவை அல்ல; நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியில் உள்ள கோளாறு சில வேளைகளில் கருவில் இருப்பதில்லை. இளவயதுத் தாய்மார்களிடம் கோளாறே அரிது என்பதால், ‘ஆபத்து’ என்று வரும் முடிவுகளில் பொய்யானவற்றின் பங்கு அவர்களிடையே கூடுகிறது. என்ஐபிடி முடிவை மட்டும் நம்பி எந்தக் கருவையும் கலைக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் அச்சிட்டால்கூடத் தகும்.

உறுதிசெய்யும் சோதனைகளில் முதன்மையானவை இரண்டு. நஞ்சுக்கொடியின் சிறு திசுத்துணுக்கை ஊசியால் எடுக்கும் சிவிஎஸ் சோதனை 11ஆம் வாரத்திற்குப் பின்னும், பனிக்குட நீரை எடுக்கும் ஆம்னியோசென்டெசிஸ் 15 வாரங்கள் நிறைந்த பின்னும் செய்யப்படுகின்றன. தேர்ந்த கைகளில் செய்யப்படும்போது கரு கலையும் கூடுதல் ஆபத்து 200இல் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. இந்த அளவைத் தாயிடம் முன்கூட்டியே சொல்வது கடமை. ‘ஊசி போட்டால் கரு நிற்காது’ என்று அச்சுறுத்துவதும் தவறு, ‘ஒன்றும் ஆகாது’ என்று மழுப்புவதும் தவறு. தாயின் இரத்தம் ஆர்எச் நெகடிவ் வகையாக இருந்தால், சோதனை முடிந்த 72 மணி நேரத்திற்குள் ஆன்டி-டி ஊசி போடப்பட வேண்டும். இதைக் கேட்டுப் பெறாமல் வீடு திரும்பினால், பின்னால் வரும் கர்ப்பங்களில் குழந்தையின் இரத்த அணுக்கள் சிதையக் கூடும். 21, 18, 13ஆம் குரோமோசோம்களை மட்டும் விரைந்து பார்க்கும் முறையில் சில நாள்களில் விடை கிடைக்கும். உயிரணுக்களை வளர்த்து எல்லாக் குரோமோசோம்களையும் பார்க்க இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். கருவின் உறுப்புகளைப் பார்க்கும் 20ஆம் வாரத்து அனாமலி ஸ்கேனில் குறை தெரிந்து, 21ஆம் வாரத்தில் நீர் எடுத்தால், முழு அறிக்கை கைக்கு வரும்போது 24ஆம் வாரம் எட்டிவிடும் என்பதைக் குடும்பம் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இக்கட்டுரையில் மிகுந்த கவனத்தோடு படிக்கப்பட வேண்டியது இனி வருவது. ஒரு குடும்பத்தில் முதல் குழந்தை தசைச் சிதைவு நோயாலோ, முதுகுத்தண்டு நரம்பு அணுக்கள் அழியும் எஸ்எம்ஏ நோயாலோ, வளர்சிதை மாற்றக் கோளாறாலோ பாதிக்கப்பட்டிருந்தால், அடுத்த கருவில் அதே நோயைத் தேட, அந்த முதல் குழந்தையின் மரபணுவில் எந்த இடத்தில் என்ன பிழை என்று துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். அது தெரியாத நிலையில், பனிக்குட நீர் கையில் இருந்தும் எதைத் தேடுவது என்று தெரியாமல் ஆய்வகம் நிற்கும். டிஸ்சார்ஜ் தாளில் ‘மரபு நோய் எனச் சந்தேகம்’ என்று எழுதியிருப்பது இதற்குப் போதாது. குழந்தை உயிரோடிருக்கும்போதே, ஊதா மூடியிட்ட ஈடிடிஏ குழாயில் சில மில்லி இரத்தம் எடுத்து, மரபணுவைப் பிரித்துச் சேமித்து வைக்கச் சொல்ல வேண்டும். சோதனைக்கு அன்று பணமில்லை என்றாலும் சேமிப்பை மட்டுமாவது செய்துவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடும் குழந்தையின் இரத்தத்தை எடுத்து வைக்கச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுவது கடினமான செயல்தான். ஆனால் அதைப் பேசாமல் விடும் மருத்துவர், அக்குடும்பத்தின் அடுத்த கர்ப்பத்தை இருட்டில் தள்ளிவிடுகிறார். குழந்தை இறந்துவிட்டிருந்தால் பெற்றோர் இருவரின் மரபணுவையும் ஆராய்ந்து பிழையைத் தேடும் வழி இருக்கிறது. அதற்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் பிடிக்கும் என்பதால், அது அடுத்த கருத்தரிப்புக்கு முன் முடிய வேண்டிய வேலை. கருத்தரித்து ஐந்தாம் மாதத்தில் தொடங்கப்படும் தேடல் பெரும்பாலும் பயன் தருவதில்லை.

டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைக்கும் இது பொருந்தும். முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்பதால் குரோமோசோம் சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் டவுன் நோய்க்குறி உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு 21ஆம் குரோமோசோம் தனியாக ஒன்று கூடுதலாக இருக்கிறது. 3 முதல் 4 விழுக்காட்டினருக்கு அது வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கிறது, அந்த ஒட்டு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கக் கூடும். அப்படியானால் அடுத்த குழந்தைக்கான ஆபத்தே வேறு கணக்கு. குரோமோசோம் அறிக்கை என்ற அந்த ஒரு தாள் இல்லாமல் ஆலோசனை சொல்வது ஊகம்.

குடும்பத்தில் நோயாளியே இல்லாதபோதும் தேட வேண்டிய நோய்களில் தலசீமியாவும் அரிவாள் அணுச் சோகையும் முதன்மையானவை. கணவன், மனைவி இருவரும் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதற்கட்ட இரத்தச் சோதனையில் சிவப்பணுக்கள் சிறியனவாகத் தெரிந்தால், அதை இரும்புச் சத்துக் குறைவு என்றே முடிவுகட்டி மாத்திரை மட்டும் எழுதித் தருவது பரவலான பிழை. ஹெச்பிஎல்சி என்னும் சோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தாய் தலசீமியாவைச் சுமப்பவராக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த வாரமே கணவரின் இரத்தமும் பார்க்கப்பட வேண்டும். கணவர் வெளியூரில் இருக்கிறார், வரட்டும் என்று காத்திருப்பதற்கு இங்கே நேரமில்லை. நீலகிரி போன்ற மலைப்பகுதிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுக் குறை கூடுதலாகக் காணப்படுவதால் அங்கு இச்சோதனை எந்தக் கர்ப்பிணிக்கும் விடுபடலாகாது. நெருங்கிய உறவில் மணந்த இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அக்காள் மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நிலைபெற்ற ஒரு மாநிலத்தில், அந்த உறவைப் பதிவேட்டில் குறிக்காமல் விடுவதும் கவனக்குறைவே.

இச்சோதனைகளை ஆள்வது 1994ஆம் ஆண்டுச் சட்டம், 2003இல் திருத்தப்பட்டது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்க வந்த அச்சட்டமே, மரபுக் கோளாறுகளைக் கண்டறிய இச்சோதனைகளுக்கு அனுமதியும் அளிக்கிறது: தாயின் வயது 35ஐக் கடந்திருப்பது, இரண்டோ அதற்கு மேலோ கருச்சிதைவு நேர்ந்திருப்பது, கருவுக்குக் கேடான மருந்து, கதிர்வீச்சு, தொற்று ஆகியவற்றுக்கு ஆளாகியிருப்பது, குடும்பத்தில் மரபுநோய் இருப்பது ஆகியவை சட்டம் பெயர் குறித்துச் சொல்லும் காரணங்கள். ஊசி வழிச் சோதனைக்கு முன் ‘ஜி’ படிவத்தில், தாய் அறிந்த மொழியில், எழுத்துவழி ஒப்புதல் பெறப்பட வேண்டும். அதன் நகல் அவரிடமே தரப்பட வேண்டும். நடைமுறையில் ஸ்கேன் அறைக்கு வெளியே நீட்டப்படும் தாளில் ‘இங்கே, இங்கே’ என்று விரல் காட்டும் இடங்களில் கையெழுத்து வாங்கப்படுகிறது. நகல் கேட்கப்படுவதுமில்லை, தரப்படுவதுமில்லை. தமிழில் கேட்க வேண்டும், படித்துப் பார்க்க வேண்டும், நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. பதிவுச் சான்று சுவரில் மாட்டப்படாத நிலையத்தில் எந்தச் சோதனையும் செய்துகொள்ளக் கூடாது. பாலினத்தைக் கேட்பதும் குற்றம்: கேட்கும் கணவருக்கோ உறவினருக்கோ முதல் முறை 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தாய் வற்புறுத்தப்பட்டார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. விதிமீறல் பற்றிய புகாரைத் தமிழ்நாட்டில் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் தந்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 15 நாள் அறிவிப்புக் கொடுத்த பின்னர் புகார்தாரரே நீதிமன்றத்தை அணுகலாம்.

கடுமையான கோளாறு உறுதியான பின் கருவைக் கலைப்பதா, தொடர்வதா என்பது தாயின் முடிவு. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், கருக்குறை போன்ற வரையறுத்த காரணங்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். ‘24 வாரம் தாண்டிவிட்டது, இனி சட்டம் இடம் தராது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் பெண்கள் உண்டு. அது சட்டத்தை அறியாத பேச்சு. கருவில் கடும் குறை இருப்பதாக மாநில அரசு அமைத்த மருத்துவக் குழு கண்டறிந்தால் 24 வார வரம்பு பொருந்தாது. அக்குழு விண்ணப்பம் பெற்ற 3 நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதித்தால் விண்ணப்ப நாளிலிருந்து 5 நாளுக்குள் கலைப்பு நடக்க வேண்டும். ஆகவே ‘பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்ற வாய்ச்சொல்லோடு அலையாமல், ஸ்கேன், மரபணு அறிக்கைகளை இணைத்து, தேதியிட்ட எழுத்து விண்ணப்பத்தை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இணை இயக்குநர் அலுவலகத்திலோ கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். ஒப்புகை இல்லாவிட்டால் 3 நாள் கணக்கு எந்த நாளில் தொடங்கியது என்று காட்ட முடியாது. வயது வந்த பெண்ணுக்கு ‘சி’ படிவத்தில் அவருடைய ஒப்புதல் ஒன்றே தேவை. கணவரின் கையெழுத்தைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை, கேட்கும் மருத்துவமனையே தவறு செய்கிறது. குழு மறுத்தாலோ இழுத்தடித்தாலோ உயர்நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அறிக்கை மறுக்கப்பட்டால், கேட்ட 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்ற ஒழுங்குமுறை விதியைச் சுட்டி எழுத்தில் கேட்டு, தராதபோது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு கவனக்குறைவாகச் செய்யப்பட்ட சோதனைக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். இந்த எல்லாத் தீர்வுகளுக்கும் அடிப்படை, ரசீது முதல் ஒப்புதல் நகல் வரை அனைத்தும் ஒரே உறையில் இருப்பது.

கர்ப்பத்தைத் தொடர முடிவெடுக்கும் தாயை, ‘தெரிந்தும் பெற்றுக்கொண்டார்’ என்று பேச எவருக்கும் உரிமை இல்லை. இதயக் குறை போன்றவை தெரிந்திருந்தால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவத்தை முன்பே உறுதிசெய்து, அறிக்கை நகல் ஒன்றை அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் 32ஆம் வாரத்திற்குள் சேர்த்துவிட வேண்டும். தலசீமியா, ஹீமோஃபீலியா, அரிவாள் அணு நோய் ஆகியவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றவை. பிறந்த குழந்தைக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்த அடையாள அட்டையான யுடிஐடி அட்டை கோரி விண்ணப்பிக்கலாம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்ய, கர்ப்ப காலத்து அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.