சிறு பொதியில் பெரு வெள்ளம்

பேராக் மாநிலத்தின் வடமேற்கில் உள்ள பாரிட் புந்தார், நெல் விளையும் ஊர். 'பாரிட்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் என்பது பொருள். அவ்வூர் அமைந்துள்ள கிரியான் மாவட்டத்து வயல்களுக்குப் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் நீர், 1906-ஆம் ஆண்டில் நிறைவேறிய பாசனத் திட்டத்தின் வழியே வந்து சேர்கின்றது. மதகைத் திறப்பவர் வரும் நீரின் அளவைக் கண்ணால் காண்கின்றார். ஒரு குடம் நீர் மதகைத் தாண்டியதும் ஏரியாகப் பெருகிவிடுமோ என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை. கணினிக்கோ அந்த நிம்மதி இல்லை. அதன் மதகைக் குடமாகத் தாண்டும் செய்தி, உள்ளே சென்றதும் கடலாக விரியக் கூடும்.

கணினிச் சேவைகளை முடக்கும் தாக்குதல் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது வேறொரு வகை. 2011 ஜூன் திங்களில் 'அனானிமஸ்' என்னும் கூட்டத்தார் மலேசிய அரசாங்க இணையத் தளங்கள்மேல் தாக்குதல் தொடுத்தனர். குறிவைக்கப்பட்ட 51 தளங்களுள் 41 தளங்கள் பல்வேறு அளவில் பாதிக்கப்பட்டன. அவ்வகைத் தாக்குதலுக்குப் படைபலம் வேண்டும். எண்ணற்ற கணினிகள் ஒரே வேளையில் வந்து கதவைத் தட்டினால்தான் கதவு அடைபடும். ஈண்டு விளக்கப்படுவதோ படைபலம் வேண்டாத முறை. ஒருவர், ஒரு கணினி, ஒரு சிறு பொதி; இவை போதும்.

பொதி என்பது யாது? பெரிய தேக்கு அலமாரி ஒன்றை இரயிலில் அனுப்ப வேண்டுமானால், அதைப் பலகை பலகையாகக் கழற்றி அடுக்கி, எந்தப் பலகை எங்கே பொருந்தும் என்று ஒரு குறிப்புச் சீட்டும் வைத்துக் கட்டுவார்கள். பெறுபவர் சீட்டைப் பார்த்து மீண்டும் பூட்டிக்கொள்வார். கணினிகளும் அவ்வாறே செய்கின்றன. நினைவகத்தில் கிளை கிளையாய் இருக்கும் செய்தியை நீண்ட ஒற்றைத் தொடராக்கி அனுப்புகின்றன. பெறும் கணினி அதைப் பிரித்துப் பழைய வடிவத்திற்குக் கொண்டுவருகின்றது. கைப்பேசியில் இரயில் சீட்டு வாங்கினாலும், பிள்ளையைப் பள்ளியில் பதிந்தாலும் இந்தக் கட்டுதலும் பிரித்தலும் நடந்தே தீரும். கேடு பிரிக்கும் இடத்தில் இருக்கின்றது. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய குறிப்புச் சீட்டைப் பெறும் கணினி அப்படியே நம்பி நடக்கின்றது.

மிக எளிய ஏமாற்று, அளவைப் பற்றிய பொய். அரிசி ஆலைக்கு வரும் மூட்டையின் அட்டையில் 'ஆயிரம் டன்' என்று எழுதியிருக்க, மூட்டையைத் தூக்கிக்கூடப் பாராமல் ஆயிரம் டன்னுக்குக் கிடங்கு ஒழித்து வைக்கும் கணக்கப்பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். 'இனி வருவது 400 கோடி பைட்டு' என்று தலைப்பில் மட்டும் எழுதிய ஒரு சிறு பொதி வந்தால், கவனமின்றி எழுதப்பட்ட மென்பொருள் அந்த இடத்தை அப்போதே ஒதுக்க முயலும். பின்னால் வருவது பத்தே பைட்டாக இருக்கலாம்.

அடுத்த ஏமாற்றில் பொய்யே இல்லை; அதனாலேயே அஃது இன்னும் நயமானது. எக்ஸ்எம்எல் என்னும் எழுத்து முறையில், அடிக்கடி வரும் தொடருக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் இவ்வாறு எழுதுகிறார் என்று கொள்க: முதற்பெயரின் பொருள் 'அ' என்னும் ஓர் எழுத்து, இரண்டாம் பெயரின் பொருள் முதற்பெயர் பத்து முறை, மூன்றாம் பெயரின் பொருள் இரண்டாம் பெயர் பத்து முறை. இவ்வாறே பத்தாம் பெயர் வரை சென்று, இறுதியில் அந்தப் பத்தாம் பெயரை ஒரே ஒரு தடவை சொல்கிறார். கடிதம் முழுதும் ஓராயிரம் பைட்டு அளவில் அடங்கிவிடும். பிரிக்கும் கணினியோ 100 கோடி 'அ'கரங்களை எழுதியாக வேண்டும். யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கப் பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஓர் 'அ' 3 பைட்டு கொள்ளும். ஆகவே 300 கோடி பைட்டு. இத்தந்திரத்தின் பழைய வடிவத்தில் சிரிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் இருந்தமையால், அதற்கு 'நூறு கோடிச் சிரிப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். சிரிப்பு அனுப்பியவருக்கு மட்டுமே. சுருக்கிய கோப்புகளிலும் இதன் உறவினர் உண்டு: 42 கிலோபைட்டு அளவுள்ள பெயர்பெற்ற ஒரு 'ஜிப்' கோப்பை அடுக்கடுக்காய் முழுதும் விரித்தால் ஏறத்தாழ 4.5 பெட்டாபைட்டு, அதாவது 45 இலட்சம் கிகாபைட்டு ஆகும்.

இடத்தைத் தின்னாமல் காலத்தைத் தின்னும் பொதியும் உண்டு. ஜாவா மொழி வல்லுநர் ஜோஷுவா பிளாக் தம் நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய 201 தொகுதிகள். மொத்தம் 5,744 பைட்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் அடையாள எண் கணக்கிட அதனுள் இருக்கும் இரண்டு பெட்டிகளின் எண்ணையும் கணக்கிட வேண்டும். நூறு அடுக்குகளிலும் வேலை இரட்டிப்பாகிக்கொண்டே போவதால், கணக்கு இரண்டின் நூறாம் அடுக்கை எட்டுகின்றது. அஃது 31 இலக்க எண். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணி கேட்ட அம்பலப்புழைக் கதையில் கட்டங்கள் 64 தான்!

2011 டிசம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் அலெக்சாண்டர் கிளிங்க், ஜூலியன் வெல்டெ இருவரும் காட்டிய முறை அஞ்சல் நிலையத்தை நினைவூட்டுவது. கடிதங்களைப் பிரிப்பவர் பல அறைகள் கொண்ட தட்டியில் அவற்றைப் பரப்பிப் போடுவதால்தான் தேடும்போது விரைவில் கிடைக்கின்றன. எல்லாக் கடிதங்களும் ஒரே அறையில் விழுமாறு ஒருவர் முகவரிகளைத் திட்டமிட்டு எழுதினால்? புதிதாய் வரும் ஒவ்வொன்றையும் முன்னிருப்பவை அனைத்தோடும் ஒப்பிட நேரும். ஓர் இலட்சம் கடிதங்களுக்கு ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள். பல புகழ்பெற்ற மொழிகளும் இதற்கு இரையாகக் கூடியவையாக இருந்தன. வியப்பு என்னவெனில், 2003-லேயே கிராஸ்பி, வாலக் என்போர் இக்குறையை ஆய்வுரையாக வெளியிட்டிருந்தனர். எட்டு ஆண்டுகள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பகைவனே இல்லாமலும் இத்தகைய முடக்கம் நேரும். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் 'ஜ்ஞா' என்னும் கூட்டெழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பு நீக்கும் குறியோடு ஐபோனுக்கு வந்தால், அதைக் காட்ட முயன்ற செயலி நின்றுபோயிற்று. மீண்டும் திறந்தால் மீண்டும் அதே செய்தி. மீண்டும் அதே முடிவு. தேவநாகரி, வங்காள எழுத்துகளிலும் இதையொத்த கூட்டுகள் சில அவ்வாறே செய்தன. விஷமிகள் பிறகுதான் அதை விளையாட்டாக்கினர். பிப்ரவரி 19-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. இந்திய எழுத்துகளைப் போதிய அளவு சோதித்துப் பாராமல் வெளியிட்டதன் விளைவு என்றே இதைக் கருத வேண்டும்.

காப்பு யாது? பிரிக்குமுன் அளக்க வேண்டும். பிரிக்கும்போதும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். பொதியின் அளவு, அடுக்கின் ஆழம், விரியும் அளவு, செலவாகும் நேரம் ஆகிய நான்கிற்கும் வரம்பு வேண்டும். அயலாரிடமிருந்து சுருக்கப் பெயர்களையே ஏற்காமல் விடுவது பெரும்பாலும் நன்று. அஞ்சல் அறைத் தந்திரத்திற்கு, அறைகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் பிறர் அறியாத இரகசிய எண் ஒன்றைக் கலப்பதே மருந்து. அதற்கென 2012-இல் ஓமசான், பெர்ன்ஸ்டைன் ஆகியோர் வகுத்த 'சிப்ஹேஷ்' முறையைப் பின்னர்ப் பல மொழிகள் ஏற்றன.

வரம்புக்கும் விலை உண்டு. பெர்லின் மாநாட்டையடுத்து 2012 ஜனவரியில் பிஎச்பி மொழி, ஒரு படிவத்தில் 1,000 கட்டங்களுக்கு மேல் ஏற்பதில்லை என்று வழக்கமான எல்லை வகுத்தது. 40 மாணவருக்கு ஆளுக்கு 26 கட்டம் வீதம் மதிப்பெண் நிரப்பும் படிவம் ஒன்றிருந்தால் அதில் 1,040 கட்டங்கள். எல்லையை உயர்த்தி வைக்க நினைவில்லாத பள்ளியில், கடைசி மாணவர் இருவரின் மதிப்பெண்ணில் பெரும்பகுதி பதிவாகாமலே போயிருக்கும்.