வெறுங்காணியும் அயலார் உரிமையும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்து வாசிப்போர், காணியின் பெயரும் பரப்பும் கூறப்பட்டதன் பின்னர் நான்கு எல்லைகளும் நிரலாக எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரும் பங்காளரும், தெற்கே கோயிற்காணி என்றவாறு, எல்லைகள் பெரும்பாலும் அயலாரின் பெயர்களாலேயே சுட்டப்படும். முடிவிலே கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படும். ஒரு நிலம் இன்னது என்று காட்டுதற்கே அயலாரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கின்றது. அந்நிலத்தின்மேல் இனி எது எழலாம் என்று தீர்மானிக்கும்பொழுது மட்டும் அவ்வயலாருக்கு இடம் உண்டோ என்பது வேறு வினா. மானிப்பாய் போன்ற ஊர்களிலே வெறுங்காணிகளைத் தொடர்மாடி வீடுகளுக்கு விடலாமா என்னும் விவாதத்தின் உயிர்நிலை இவ்வினாவே.

வெறுங்காணிகள் பல வழிகளால் உண்டாயின. பனை நின்ற காணியும், பயிரிடுவாரின்றிக் கிடக்கும் தோட்டமும், வீடு இடிந்து அடிவாரம் மட்டும் எஞ்சிய வளவும் இப்பொழுது ஒரே பெயராற் குறிக்கப்படுகின்றன. 1983 ஆம் ஆண்டின் பின்னர்க் கடல்கடந்து சென்றோரின் காணிகள் பல, உறவினரிடம் அற்றோணித் தத்துவத்தை ஒப்படைத்து விடப்பட்டவை. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர்ப் போக்குவரத்தும் பணமும் பெருக, காணி விலையும் ஏறிற்று. யாழ்ப்பாண நகரிலே பலமாடிக் கட்டடங்கள் தோன்றலாயின. ஒரு கட்டடத்தின் மாடிகளைத் தனித்தனியே உறுதி எழுதி விற்றற்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் முன்னரே வழி செய்திருந்தது. நாற்புற எல்லைகளோடு மேலெல்லையும் கீழெல்லையும் கூறும் உறுதி அதனாற் பிறந்தது. மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் எல்லைகளாயினர். கிணறு என்னாகும் என்பதை மட்டும் எவரும் அத்துணை நுணுகி ஆராயவில்லை.

கட்டுவோர் தரப்பு வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச்; 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். சீதனத்தாலும் முதுசொப் பங்கீட்டாலும் தலைமுறைதோறும் துண்டாடப்பட்ட வளவுகளிலே இரண்டு பரப்பு எஞ்சியிருத்தலே பேறாயிற்று. சம்பளத்தை மட்டும் நம்பி வாழும் ஓர் ஆசிரியரோ தாதியரோ இன்றைய விலையிற் காணி வாங்கி வீடு கட்டுதல் அரிது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வளவு வேண்டும் என்று பிடிவாதஞ் செய்யின், வீடுகள் வயலையும் தோட்டத்தையும் விழுங்கியே தீரும். இருபது குடும்பங்களை நான்கு பரப்பில் இருத்தினால், ஏனைய நிலம் பயிருக்கு எஞ்சும் என்பது அவர் கூற்று. கணக்கு என்ற அளவில் அது சரியானதே.

ஊரவர் கூறும் தடைகளுள் சில வலியற்றவை. மாடியிலிருந்து வளவினுள் பார்வை விழும், ஒழுங்கையில் வாகனம் நெருக்கும், ஊரின் அழகு கெடும் என்பன திருத்தக்க குறைகள். ஆயின், ஒரு தடை அவ்வாறு தள்ளத்தக்கதன்று. அதுவே தண்ணீர்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வலிகாமத்தில் வழுக்கையாறு ஒன்றுண்டு. அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்துக் கடல்நீரேரியை அடைவது. நிலத்தின் அடியிலுள்ளது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் பிளவும் குகையும் உடையது என்பதற்கு நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றுமே சான்று. மழைநீர் அப்பிளவுகளின் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபன் என்பவரும், பின்னர் 1901 இல் செர்மானியரான ஏர்சுபேர்க்கு என்பவரும் தனித்தனியே கண்ட விதி இங்கே பொருந்தும்: கடல் மட்டத்தின்மேல் நன்னீர் ஓரடி நிற்குமாயின், அதன்கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்டற்கு இனிய விதியே. ஆயின், அதனைத் திருப்பியும் வாசித்தல் வேண்டும். இறைப்பினால் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடமுண்டு.

இனி ஒரு சிறு கணக்கு. குடாநாட்டின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிற் பெய்வது. நான்கு பரப்புக் காணியின்மேல் ஓர் ஆண்டில் விழும் நீர் ஏறக்குறைய பன்னிரண்டரை இலட்சம் லீற்றர். வெயிலுக்கும் மரத்துக்கும் போக மூன்றிலொரு பங்கு நிலத்தடிக்குச் செல்லும் எனக் கொண்டால், அது 4 இலட்சம் லீற்றராகும். நால்வர் கொண்ட குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் வீதம் செலவிட்டால், ஆண்டுக்கு ஒன்றே முக்கால் இலட்சம் லீற்றர் வேண்டும். அக்காணியில் நான்கு வீடுகள் இருப்பின் தேவை 7 இலட்சம்; இருபது வீடுகள் இருப்பின் 35 இலட்சம்.

இக்கணக்கு இருதரப்பாரையும் சற்று நாணச் செய்வது. நான்கு தனிவீடுகள் கொண்ட நான்கு பரப்பே தன்மேல் வீழ்ந்த மழையால் தன்னைத் தாங்கமாட்டாது. அது அயலிலுள்ள வெறுங்காணியின் நீரைக் கடன்கொண்டே வாழ்கின்றது. எனவே, ‘வெறுமை’ என்று இழித்துக் கூறப்படும் காணியே ஊரின் கிணறுகளுக்கு ஊட்டும் நிலமாகும். தனிவீட்டார் தாமும் இதுகாறும் அக்கடனை எண்ணிப் பார்த்தவரல்லர். இருபது வீடுகள் எழுமிடத்து, அவற்றின் தேவைக்கு ஏறக்குறைய 35 பரப்பின் மழை வேண்டும். அதாவது இரண்டு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வெறுமையாகவே கிடத்தல் வேண்டும். அந்த 35 பரப்பும் மாடிக்காரர் பெயரில் இல்லை என்பதைக் கூறவேண்டியதில்லை.

பயன்படுத்திய நீர் மீண்டும் நிலத்துக்கே செல்கின்றதன்றோ என்று வினவலாம். உண்மையே; ஆனால், அது மலக்குழியின் வழியே செல்கின்றது. மானிப்பாயிலே நிலக்கீழ்க் கழிவுக் குழாய்த் தொகுதி இல்லை. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பதடியேனும் இருத்தல் வேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர் வழக்கமாகக் கூறும் அளவு. ஒரு பரப்புக் காணி சதுரமாயின் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 52 அடி. தன் கிணற்றுக்கு அவ்விடைவெளி விட்டவன், குழியை அயலான் கிணற்றின் அண்மையிற் கொண்டுபோய் வைக்க நேர்கின்றது. மேலும், மணலுக்குப் பொருந்தும் அளவு வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்துவதில்லை. பிளவு கண்ட நீர் அடிக்கணக்கைக் கேட்டு நிற்பதன்று. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளமை பல ஆய்வுகளாற் காட்டப்பட்டுள்ளது. கைக்குழந்தைகளின் குருதியில் ஒட்சிசன் ஏற்றத்தைத் தடுக்கவல்லது அது. அதற்கு மலக்குழி மட்டும் காரணமன்று. தோட்டத்துக்கு அளவின்றி இடும் யூரியாவும் காரணமாகும். மாடியைக் குறைகூறும் கமக்காரர் தம் தோட்டத்து வாய்க்காலையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

இனிச் சட்டத்தை நோக்குவோம். பழைய வழமை அயலாரை முற்றாக மறந்ததன்று. ஒல்லாந்த திசாவையான கிளாசு ஈசாக்சு 1707 இல் தொகுத்து, ஆங்கிலேயர் 1806 இல் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் நடைமுறைப்படுத்திய தேசவழமையிலே, காணியை விற்க எண்ணுவோர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அந்நிலத்தை ஈடாகக் கொண்டிருக்கத்தக்க அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும் என்றிருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வெண்ணத்தை அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வவ்வூர்த் தேவாலயத்தில் வெளிப்படுத்துதலும் விதியாயிற்று. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைக் கூட்டுடைமையாளருக்கும் உரித்தாளராகத் தக்கோருக்கும் உரியதாக்கிற்று. அயலார் அங்கிருந்து நீங்கினர்.

அவர் நீங்கிய காலத்திலேயே வேறொரு வாயில் திறந்தது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் கட்டடத்துக்கு அனுமதி பெறுதலை விதித்திருந்தது. 1946 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் தனித்தனிக் காணியை விட்டு, ஓர் இடத்தை முழுவதாக நோக்கி வலயம் வகுக்கும் முறையைக் கொணர்ந்தன. அயலானின் கேள்வி விற்பனையை விட்டுத் திட்டத்துக்கு மாறியது எனலாம். ஆயின், மூன்று ஞாயிறு காதில் விழுந்த செய்திக்கும், அலுவலகத்தில் வைக்கப்படும் வரைபடத்துக்கும் வேறுபாடு பெரிது. மானிப்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள், வலயம் என்னும் சொல்லைத் தம் வேலியருகில் ஒரு தூண் எழும்பிய பின்னரே கேட்போர் பலராவர்.

வலயமுறை எவ்விதம் பிறந்தது, எவர்க்குப் பயன்பட்டது என்பதை அறிதற்கு ஐக்கிய அமெரிக்க நாட்டிலே இதே பொருளில் எழுந்த மூலவழக்கு ஒன்றை நோக்குதல் தகும். ஒகையோ மாநிலத்திலுள்ள யூக்கிளிட்டு என்னும் ஊர் 1922 இல் தன் நிலத்தை வலயங்களாகப் பிரித்தது. அம்பிளர் என்னும் காணிக் கம்பனிக்கு அங்கே 68 ஏக்கர் வெறுநிலம் இருந்தது. கைத்தொழிலுக்காயின் ஏக்கர் 10,000 டொலர் பெறும் நிலம், குடியிருப்பு வலயத்தில் 2,500 டொலரே பெறும் என்று கம்பனி வழக்காடிற்று. 1926 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால் ஊருக்குச் சார்பாகத் தீர்த்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி சதர்லாந்து, தனிவீட்டுத் தெருவிற் புகும் தொடர்மாடியை அயலின் வெளிச்சத்தையும் காற்றையும் உறிஞ்சி வாழும் ஒன்றாகவே கருதினார்.

இத்தீர்ப்பை ஊரவர் வெற்றி என்று மகிழ்வோர், அதற்கு முன் கீழ்மன்றத்தில் கம்பனிக்குச் சார்பாகத் தீர்த்த நீதிபதி கூறியதையும் நினைத்தல் வேண்டும். இவ்விதியின் பயன், மக்களை வருவாய்க்கு ஏற்ப வகுத்து ஒதுக்குவதே என்பது அவர் கருத்து. பின்வந்த நூற்றாண்டு அக்கருத்தைப் பெரிதும் மெய்ப்பித்தது. தனிவீட்டு வலயம் வாடகைக்கு இருப்போரையும் வறியோரையும் கறுப்பினத்தாரையும் புறத்தே நிறுத்தும் வேலியாயிற்று. யாழ்ப்பாணத்திலும் ‘எங்கள் ஊருக்கு ஒவ்வாது’ என்னும் சொல் எப்பொழுதும் தண்ணீரைக் குறிப்பதன்று. காணி எவர் கையில் இருந்தது, எவர் கையில் இருக்கவிடப்படவில்லை என்னும் பழைய கணக்கு அதனடியில் ஒளிந்திருத்தலுண்டு. மாடியில் வந்து இருக்கப்போவோர் யார் என்பதே அச்சமாயின், அதனைக் கிணற்றின் பெயரால் மறைத்தல் நேர்மையன்று.

மறுபக்கத்துக்குச் சான்று சென்னையில் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நெடுங்காலம் பயனற்ற தரிசு என்றே கருதப்பட்டது. குப்பை கொட்டவும் கட்டடம் எழுப்பவும் அப்பெயரே போதுமாயிருந்தது. எஞ்சிய பகுதியில் ஒரு பங்கு 2007 இற் காப்புக்காடாக்கப்பட்டது. 2022 இல் ராம்சார் நிலமாக ஏற்கப்பட்டது. இடையே, 2015 ஆம் ஆண்டு மார்கழியில், தங்குதற்கு இடமின்றிப் போன வெள்ளம் அயற்குடியிருப்புகளிலே புகுந்தது. ஆயினும், அந்நகரமே 2003 இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிப் பல கிணறுகளின் மட்டத்தை உயர்த்தியதும் உண்மை. கட்டடம் என்பது எவ்விடத்தும் நீருக்குப் பகை என்று கொள்ளவேண்டியதில்லை.

கேடு நிகழ்ந்தபின் வரும் பரிகாரம் எத்தகையது என்பதை மானிப்பாயார் அண்மையிலேயே கண்டனர். சில கல் தொலைவிலுள்ள சுன்னாகத்திலே, மின்னுற்பத்தி நிலையம் ஒன்றினால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது பற்றி 2015 இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கு 2019 ஏப்பிரிலில் முடிந்தது. அந்நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. தூய நீர் பெறும் உரிமை அங்கே நிலைநாட்டப்பட்டது. கிணற்றைக் கழுவப் பணம் கிடைக்கும். பாறைப் பிளவைக் கழுவுதற்கு வழியில்லை.

ஆதலால், எத்தனை மாடி என்பதன் முன்னர் எவ்வளவு நீர் என்று கேட்டல் வேண்டும். ஒரு காணியின் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பிப்போர் தரும் நில அளவைப் படத்தில், தம் வளவின் கிணறும் குழியும் மட்டுமன்றி, அயல்வளவுக் கிணறுகளும் குழிகளும் குறிக்கப்படுதல் வேண்டும். நீரின் உவர்ப்பும் நைத்திரேற்றும் கோடையிலும் மாரியிலும் அளக்கப்பட்டிருத்தல் வேண்டும். கூரைநீர் முழுவதும் நிலத்துள் இறங்க வழி காட்டுதலும், கழிவைச் சுத்திகரிக்கும் பொறியை வீடுகள் விற்றுத் தீர்ந்தபின் எவர் பராமரிப்பார் என்று பெயர் குறித்தலும் வேண்டும். இந்த இறுதிக் கேள்விக்கே பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. கட்டியவர் போய்விடுவார், பொறி பழுதாகும், குழி நிற்கும்.

2024 ஓகத்தில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தருதற்கு அமைந்தது அது. இரணைமடு நீரைக் கொணரும் முந்திய திட்டம் கிளிநொச்சிக் கமக்காரரின் எதிர்ப்பால் தடைப்பட்டதன் பின் வந்த வழி அது. குழாய்நீர் மாடிகளை எட்டுமாயின் கிணற்றின்மேலுள்ள இறைப்புச் சுமை குறையும். மேற்காட்டிய 35 இலட்சமும் கடலிலிருந்து வந்ததாகிவிடும். ஆனால், வந்த நீர் முழுவதும் பயன்பட்டபின் இறங்குமிடம் அதே நான்கு பரப்புத்தான். அதற்கு அடுத்த வளவில் இன்னும் ஒரு கிணறு இருக்கின்றது. அதன் பங்கு நால்வர் உறுதியில் எழுதப்பட்டுள்ளது.