தேய்வை அளக்கும் தொழில்

இயங்கும் பொறி ஒவ்வொன்றும் தேய்கிறது. அத்தேய்வின் போக்கை முன்னறிந்து, உறுப்பு முறியுமுன் அதனை மாற்றியோ சீர்செய்தோ பொறியின் ஓட்டத்தைக் காப்பது பொறிபேணல் ஆகும். அது மூவகைப்படும்: முறிந்தபின் திருத்துவது, நாட்குறித்துப் பேணுவது, வெம்மை, அதிர்வு, ஒலி ஆகிய குறிகளால் உறுப்பின் நிலையறிந்து பேணுவது. மின்குமிழ் போன்றவற்றுக்கு முதல் வகையே போதும். எதற்கு எவ்வகை தகும் என்று தேர்ந்து ஆள்பவரே பொறிபேணுநர்.

இலங்கையின் வடக்கில், மாங்குளத்தைச் சூழ்ந்த வன்னி நெல் விளையும் நிலம். ஆதலின் இத்தொழிலை நெல்லாலையில் வைத்துக் காண்போம். உமிநீக்கும் பொறியில் இரண்டு இறப்பர் உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்று மற்றதினும் விரைந்து சுழல்வதால் எழும் உரசலே உமியை உரிக்கிறது. விரைந்து சுழல்வது முன்னதாகத் தேயும். தேயத்தேய அதன் விட்டம் குறுகி, இரு பரப்புகளின் விரைவு வேறுபாடு குன்றி, உமி நீங்காத நெல் மிகும். அதனாலேயே பேணுநர் இரண்டையும் அவ்வப்போது இடம்மாற்றிப் பூட்டித் தேய்வை ஒப்பப் பகிர்கிறார்.

தண்டைத் தாங்கும் குண்டுத்தாங்கியின் கணக்கு இன்னும் கடுமையானது: சுமை இருமடங்கானால் அதன் வாழ்நாள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். வார்ப்பட்டை நழுவாதிருக்க அதை மிகையாக இறுக்குபவர், தாங்கியின் ஆண்டுகளைத் திங்கள்களாக்குகிறார். உயவுநெய்யை நிரம்பத் திணிப்பதும் தீங்கே. தாங்கிக்குள் கடையப்பட்ட நெய் சூடேறிக் கெடும்.

இவற்றைக் கற்க விழையும் மாங்குளத்து இளையோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஏ9 வீதியில் வடக்கே, கிளிநொச்சி நகரை அடையுமுன் வரும் அறிவியல்நகரில், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் பொறிமுறைத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அங்கேயே உள்ளது. நாட்டின் தொழில்தகைமைச் சட்டகம் ஏழு படிகளுடையது: முதல் நான்கும் சான்றிதழ், அடுத்த இரண்டும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். வகுப்பறை காணாமல் பட்டறையிலேயே வளர்ந்தவரும் தம் திறனை மெய்ப்பித்துக் காட்டிச் சான்றிதழ் பெறலாம்; இச்சட்டகத்தின் சிறந்த கூறு அதுவே என்பேன்.

எந்தப் படியிலிருந்து ஏறினும், முதலில் கைக்கொள்ள வேண்டியது பேணற் பதிவேடு. எந்தத் தாங்கி எந்நாளில் மாற்றப்பட்டது, உயவு எவ்வளவு இடப்பட்டது, உருளை எத்தனை மூடை நெல்லுக்குப்பின் தேய்ந்தது என்பன அதில் ஏறவேண்டும். தை, மாசி அறுவடையில் ஆலை ஓயாது ஓடும். அதற்குமுன் வாங்கி வைக்கவேண்டிய உறுப்புகள் எவை என்பதை ஆலையுடையவர் அந்த ஏட்டைப் பார்த்தே முடிவுசெய்வார்.