பத்து விழுக்காட்டுக்குள் பிடிபடாத திருட்டு

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப்போகும் மாணவரிடம் துறையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “பர்சென்டேஜ் எவ்வளவு வந்துச்சு?” என்பதாகத்தான் இருக்கிறது. மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காடு பத்துக்குள் வந்துவிட்டால் மாணவருக்கும் நிம்மதி, நெறியாளருக்கும் நிம்மதி. பதினெட்டு என்று வந்தால், வண்ணமிட்டுக் காட்டப்பட்ட வரிகளில் மட்டும் சொற்களை மாற்றிப் போட்டு, எண் இறங்கும்வரை திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நேர்மையைக் காக்க வந்த கருவி, நேர்மையின் இடத்தையே பிடித்துக்கொண்டது என்பதுதான் என் கவலை. அந்த எண்ணை நம்பி இருப்பதால் உண்மையான திருட்டு தப்பிவிடுகிறது. சில வேளைகளில் தவறு செய்யாதவர் மாட்டிக்கொள்கிறார். விதி என்ன சொல்கிறது, எந்த இடத்தில் அது போதாமல் போகிறது, பாதிக்கப்பட்டவர் யாரிடம் போகலாம் என்பதை ஆராய்ச்சிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உயர்கல்வி நிறுவனங்களில் கருத்துத் திருட்டைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் ஒழுங்குமுறை விதிகளை அறிவித்தது. பிறருடைய உழைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவதே கருத்துத் திருட்டு என்று அவ்விதிகள் தெளிவாக வரையறுக்கின்றன. ஆனால் தண்டனைப் பகுதிக்கு வந்ததும் அதே விதிகள் விழுக்காட்டுக் கணக்குக்கு மாறிவிடுகின்றன. ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை கிடையாது. பத்துக்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். நாற்பதைத் தாண்டி அறுபது வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வழங்கிய பிறகு திருட்டு நிரூபணமானால் அந்தப் பட்டத்தை நிறுத்திவைக்கவும் விதியில் இடமுண்டு. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் ‘பத்து விழுக்காடு வரை எடுக்கலாம்’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறான புரிதல். ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், உற்றுநோக்கல், முடிவு, பரிந்துரை ஆகிய பகுதிகளில் எந்த ஒப்புமையும் இருக்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. பொதுவாக எல்லோரும் அறிந்த செய்தியும், தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்ச்சியான பதினான்கு சொற்கள் வரையிலான பகுதியும் மட்டுமே அதற்கு விலக்கு.

மென்பொருளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் பார்க்க வேண்டும். அது தன் சேமிப்பில் உள்ள எழுத்தோடு நம் எழுத்தைப் பொருத்திப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி, மூல ஆசிரியர் பெயரை விட்டுவிட்டால் அது பெரும்பாலும் அகப்படாது. தமிழ் ஆய்வேடுகளின் நிலை இன்னும் மோசம். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஏடுகளின் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பாருங்கள்: தமிழ் வராது, பொருளில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். மென்பொருளும் அதைத்தான் படிக்கிறது. நாடு முழுவதுமுள்ள ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் வெறும் படமாக ஏற்றப்பட்ட ஏடுகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஏடு ஒன்றிலிருந்து முழு இயலையே எடுத்து யூனிகோடில் தட்டச்சு செய்தால், அறிக்கை சுத்தமாக வந்துவிட வாய்ப்பு அதிகம். தமிழிலக்கிய ஆய்வில் இந்த ஓட்டையை யாரும் பேசாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பணம் கொடுத்து எழுதி வாங்கும் ஏடு. ‘தீசிஸ் ஒர்க் செய்து தரப்படும்’ என்ற விளம்பரம் இப்போது ஒளிவுமறைவாகக்கூட வருவதில்லை. ‘பிளேஜியரிசம் ரிப்போர்ட்டுடன்’ என்று சேர்த்தே விற்கிறார்கள். புதிதாக எழுதப்பட்டதால் ஒப்புமை மிகக் குறைவாகவே வரும். வரையறையின்படி இது முழுத் திருட்டு. தண்டனைப் படிகளிலோ இதற்கு இடமே இல்லை. ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இப்படி எழுதி விற்பதையே குற்றமாக்கிச் சட்டம் இயற்றின. இங்கும் விற்பவரைப் பிடிக்கத் தனிச்சட்டம் வர வேண்டும். வாங்கும் மாணவர் ஒன்றை யோசிக்க வேண்டும். இது என் சொந்த ஆய்வு என்று அவர் கையெழுத்திட்டுத் தந்த உறுதிமொழி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் விற்றவர் கையில் இருக்கின்றன. வேலையில் சேர்ந்த பிறகு விற்றவர் மறுபடி பணம் கேட்டால் வாங்கியவரால் போலீஸுக்கும் போக முடியாது.

இதற்கெல்லாம் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறை மாணவரை ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் எழுதச் சொல்லிவிட்டு, நாலு வரி ஒத்துப்போனதற்குத் திருடன் என்பது அநியாயம் என்பார்கள். மொழிச்சுமை உண்மைதான். மேற்கோள் காட்டும் முறையைப் பட்ட வகுப்பிலேயே சொல்லித்தராத குறை கல்லூரிகளுடையது. பதிவுக்கு முந்தைய பாடமாக ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய முப்பது மணி நேரப் பாடத்தை மானியக் குழு கட்டாயமாக்கியதே 2019 டிசம்பரில்தான். ஆனால் மொழிச்சுமைக்குத் தீர்வு மொழிதிருத்த உதவியும் தமிழில் எழுத அனுமதியுமே. கண்டுபிடிப்பையே கடன் வாங்க அது காரணம் ஆகாது. அப்படி விட்டுக்கொடுத்தால், அதே பின்னணியிலிருந்து வந்து ஐந்தாறு ஆண்டு உழைத்த இன்னொரு மாணவரைத்தான் ஏமாற்றுகிறோம். உதவிப் பேராசிரியர் நேர்காணலில் இருவர் பட்டத்துக்கும் ஒரே மதிப்பு.

அந்த மறுப்பில் நான் முழுமையாக ஏற்கும் பகுதி ஒன்று உண்டு: இயந்திரத்தின் சொல்லை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறிவதாகச் சொல்லும் கருவிகள் இதற்குச் சான்று. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளில் சோதித்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை காட்டின. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐயே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. எளிய சொற்களில், ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களில் எழுதும் நம் மாணவருக்கு இந்த ஆபத்து மிக அதிகம்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு 2018 விதிகள் தரும் பாதுகாப்பு வலுவானது. கேட்டுப் பெறுவோர்தான் குறைவு. புகார் முதலில் துறை அளவிலான நேர்மைக் குழுவுக்குப் போகும். அது 45 நாளில் தன் பரிந்துரையை நிறுவன அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும். அக்குழு அடுத்த 45 நாளில் தன் அறிக்கையைத் தர வேண்டும். துறைக் குழுவில் வேறு துறையின் மூத்த ஆசிரியர் ஒருவரும், நிறுவனக் குழுவில் வெளி நிறுவன உறுப்பினர் ஒருவரும் இருந்தாக வேண்டும். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டு, மேல்முறையீட்டு வழிகள் முடிந்து, தற்காத்துக்கொள்ள வாய்ப்பும் அளித்த பிறகே தண்டிக்கலாம். மேற்கோளாகச் சுட்டிய பகுதி, நூற்பட்டியல், சட்ட வாசகம், நிலையான சமன்பாடு ஆகியவை ஒப்புமைக் கணக்கில் சேரா. புறநானூற்றுப் பாடலை ஆய்வில் எடுத்தாண்டதற்காக விழுக்காடு ஏறியிருந்தால், அதை நீக்கிக் கணக்கிடுங்கள் என்று எழுத்தில் கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

மாணவரின் உழைப்பை நெறியாளரே தன் பெயரில் வெளியிடுவது இன்னொரு கொடுமை. இதையும் அதே குழுக்கள் விசாரிக்கலாம். ஆசிரியரின் கட்டுரையில் ஒப்புமை நாற்பதைத் தாண்டினால் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும். ஈராண்டுக்குப் புதிய மாணவரை ஏற்க முடியாது. அறுபதைத் தாண்டினால் இரண்டு ஊதிய உயர்வு, மூன்றாண்டு. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் எழுதியவர் தானே ஆசிரியர் என்று உரிமை கோர 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஆதாரம் வேண்டும். வரைவுகளைத் தேதியோடு நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பென் டிரைவில் மட்டும் கொடுக்காதீர்கள். ஆய்வகக் குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். புகார் கொடுத்ததற்காகச் சான்றிதழை நிறுத்திவைத்தாலோ, மதிப்பீட்டில் நியாயமற்று நடந்தாலோ, மானியக் குழுவின் 2023 குறைதீர்ப்பு விதிகளின்படி மாணவர் குறைதீர்க் குழுவிடம் போகலாம். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் ‘ஆம்பட்ஸ்பர்சன்’ எனும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

எண்ணுக்குப் பதில் என்ன என்று கேட்டால், படிப்பது என்பதே என் பதில். மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிகளின்படி ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தன் வேலையை விளக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கையெழுத்துச் சடங்காக முடிக்காமல், தரவு எங்கே, இந்த அட்டவணை எப்படி வந்தது என்று உறுப்பினர்கள் கேட்டாலே வாங்கிய ஏடு நிற்காது. நேரமில்லை என்று நெறியாளர்கள் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர் என்று வரம்பு வைத்ததே படிக்க நேரம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஏட்டில் கருத்துத் திருட்டு இல்லை என்று சான்றளித்துக் கையெழுத்திடுபவரும் நெறியாளரே. ஆய்வில் சேரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 2018 விதிகள் மானியக் குழுவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, உறுதிமொழியில் கையெழுத்திடும் முன் முழுவதும் படித்துவிடுங்கள், உங்கள் துறையின் நேர்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.