கொழும்பில் கடை விரிக்கும் முன்: இரு நாட்டு வரிக்கணக்கும் தெரிந்திருக்கட்டும்

காஞ்சிபுரம் பட்டுக்கு இலங்கையில் எப்போதும் கிராக்கி உண்டு. கல்யாண மாதங்களில் கொழும்பு வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் கூறைப்புடவை தேடி வருபவர்கள் முதலில் கேட்கும் பெயர் காஞ்சிபுரம்தான். அதனால் இங்குள்ள சிறு ஜவுளி வியாபாரிகள் பலருக்கும் ஓர் ஆசை: நாமே நேரில் போய் விற்றால் என்ன? நல்ல ஆசைதான். ஆனால் அண்டை நாட்டில் வியாபாரம் என்றால் இரண்டு அரசுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குபவருக்குச் செலவு குறைவு. மாட்டிக்கொண்ட பிறகு தெரிந்துகொள்பவருக்கு முதலே போய்விடும்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய கூரத்துக்கு எழுதிவைக்கும் கணக்கு புதிதல்ல. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, 7-ஆம் நூற்றாண்டிலேயே கோயில் நிலத்தைப் பங்கு பங்காகப் பிரித்து, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு என்று பதிந்து வைத்தது. கடல் கடந்த வணிகத்துக்கும் எழுத்தில் விதி இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்துறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு தரப்படும். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி உடையவனுக்கு. பிற சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. வரும் வணிகனுக்குப் புரியும் மொழியில் விதியைச் சொன்ன கல் அது. இன்றைய விதிகளையும் அதே தெளிவோடு தெரிந்துகொள்ள வேண்டும்.

இலங்கைக்கு விற்பதா, இலங்கையில் விற்பதா?

எல்லாக் கடமையும் இந்த ஒரு கேள்வியில்தான் பிரிகிறது.

இங்கிருந்து பில் போட்டு, கொழும்புக் கடைக்காரருக்குச் சரக்கு அனுப்பினால் அது ஏற்றுமதி. அங்கே சுங்கம் கட்டுவதும் இறக்குமதி வரி கட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு. இரு நாடுகளுக்கும் இடையே 2013-இல் நடைமுறைக்கு வந்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, உங்களுக்கு அங்கே நிலையான தொழிலிடம் இல்லாவிட்டால் உங்கள் வியாபார லாபத்துக்கு அங்கே வருமான வரி கிடையாது.

அதே நேரம் கிளை, அலுவலகம் என்று ஓர் இடம் பிடித்து வியாபாரம் நடத்தினால் அது தொழிலிடம். உங்கள் சார்பில் ஒப்பந்தம் முடிக்கும் அதிகாரத்தோடு ஒரு முகவரை வழக்கமாக வைத்திருந்தாலும் அப்படித்தான். பலகையில் பெயர் எழுதினால்தான் கடை என்பதில்லை. தொழிலிடம் என்று ஆகிவிட்டால், அந்த இடத்தால் வந்த லாபத்துக்கு முதல் உரிமை இலங்கை அரசுக்கு.

இரண்டிலும் சேராத மூன்றாவது வழி ஒன்றும் ஊரில் பழக்கத்தில் இருக்கிறது: பெட்டியில் சேலையை அடுக்கி, சுற்றுலா விசாவில் போய், சொந்த உபயோகம் என்று சொல்லி வெளியே வந்து, உறவினர் வீட்டில் வைத்து விற்பது. இது சுங்கக் குற்றம், விசா விதிமீறலும்கூட. பிடிபட்டால் சரக்கு பறிபோகும். மேலும் அந்தப் பணத்தை வங்கி வழியாக முறையாக இங்கே கொண்டுவர முடியாது.

அங்கே என்னென்ன கட்ட வேண்டும்?

முதலில் ஒரு தடை. வெளிநாட்டவர் முதலீட்டில் இலங்கையில் சில்லறைக் கடை நடத்த வேண்டுமென்றால் குறைந்தது 50 லட்சம் அமெரிக்க டாலர் முதலீடு வேண்டும். அதனால் சிறு வியாபாரி சொந்தமாகச் சேலைக்கடை திறப்பது சட்டப்படி நடக்காத காரியம். உள்ளூர்க் கடைக்காரருக்கு மொத்த விலையில் கொடுப்பதே அவருக்குத் திறந்திருக்கும் வழி.

பெரிய நிறுவனங்கள் 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனியாகவோ வெளிநாட்டுக் கம்பனியின் கிளையாகவோ பதிய வேண்டும். முதலீட்டுப் பணத்தை இதற்கென்றே உள்ள உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் லாபத்தைத் திரும்ப எடுத்துவருவது சிக்கலாகும். அடுத்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் பெற வேண்டும். அதன் பிறகு வருபவை இவை:

வருமான வரி: கம்பனிகளுக்குப் பொது விகிதம் 30 சதவீதம். அங்கேயும் வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நான்கு தவணைகளில் முன்வரி கட்டி, நவம்பர் 30-க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கிளையாக நடத்தி லாபத்தைத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பினால், அனுப்பும் தொகைக்குத் தனி வரி உண்டு.

பெறுமதி சேர் வரி: 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். 20,000 ரூபாய்ச் சேலை ஒன்றுக்கு 3,600 ரூபாய். இறக்குமதியில் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு விற்றுமுதல் 6 கோடி இலங்கை ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்று 2024-இல் வைத்தார்கள். அதை 3.6 கோடியாகக் குறைக்க 2026 வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள். இதற்கு மேல் 2022 அக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு 2.5 சதவீதம்.

ஊழியர் நிதி: ஒருவரை வேலைக்கு வைத்தாலும் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம்.

இங்கே என்னென்ன காட்ட வேண்டும்?

அங்கே கட்டிவிட்டோம், இங்கே சொல்ல வேண்டாம் என்று நினைப்பதுதான் பலரையும் மாட்டிவிடுகிறது.

ஏற்றுமதி மட்டும் என்றால் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் ஜிஎஸ்டி தளத்தில் எல்யுடி எனும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் வரி கட்டாமலே சரக்கு அனுப்பலாம். சரக்குக்கான பணம் கெடுவுக்குள் வங்கிக்கு வந்துசேர வேண்டும். 9 மாதமாக இருந்த அந்தக் கெடுவை ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டியது. 2000 மார்ச் முதல் நடப்பிலுள்ள இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் சுங்கச் சலுகை வேண்டுமானால், தோற்றச் சான்றிதழ் வாங்கிச் சரக்கோடு அனுப்ப வேண்டும். பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இந்தியாவில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி.

அங்கே முதலீடு செய்தால், 2022-ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி பணம் அனுப்பும் முன்பே வங்கி வழியாக ரிசர்வ் வங்கியில் தனி எண் பெற வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15-க்குள் வெளிநாட்டுச் சொத்து, கடன் கணக்கும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கையும் தர வேண்டும்.

கொழும்பு வங்கியில் உங்கள் பெயரில் கணக்கு இருந்தால், இங்கே வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வீடு, நிலம் அல்லாத சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை. ஆனாலும் காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

ஒரே லாபத்துக்கு இரண்டு வரியா?

கொழும்புக் கிளையில் ஓர் இந்தியக் கம்பனிக்கு 10 லட்சம் ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் 30 சதவீதம், 3 லட்சம். சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பனிக்கு இந்தியாவில் வரி 22 சதவீதம். கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்தால் 25.168 சதவீதம், அதாவது 2,51,680 ரூபாய். அங்கே கட்டிய வரியைக் காட்டினால் இந்தத் தொகை முழுவதும் இங்கே கழிந்துவிடும். மிச்சமுள்ள 48,320 ரூபாயை எந்த அரசும் திருப்பித் தராது. அந்தக் கழிவும், அங்கே கட்டிய ரசீதைக் கையில் வைத்து உரிய படிவத்தைத் தாக்கல் செய்தவருக்குத்தான். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்டது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருப்பதால் பழைய குறிப்பை நம்பி நிரப்ப வேண்டாம்.

இவ்வளவையும் சேலை நெய்பவரும் சிறு வியாபாரியும் தனியாகத் தேடித் தெரிந்துகொள்வது நியாயமல்ல. காஞ்சிபுரத்திலுள்ள மாவட்டத் தொழில் மையமும் கைத்தறித் துறையும் வரி, சுங்கம், வங்கி மூன்றையும் ஒரே மேசையில் விளக்கும் முகாம்களைத் தமிழில் தொடர்ந்து நடத்த வேண்டும். வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை: முதல் பெட்டியைக் கட்டும் முன் ஆடிட்டர் ஒருவரையும் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவையும் பாருங்கள். முதல் ஆர்டரை ஏற்றுமதியாக மட்டும் அனுப்பிப் பழகுங்கள். அங்கே இடம் பிடிப்பது அதற்குப் பிறகு ஆகட்டும்.