கடாரத்துக் கடைத்தெருவில் ஒற்றாடல்

புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்த செல்வத்தையும் அவற்றுள் ஒன்றாகக் குறிக்கின்றது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். அக்கடாரமே இன்றைய கெடா என்பர். அப்பாட்டே, புகார் வணிகர் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் விற்கும்போது குறைத்துக் கொடாமலும் இருந்தனர் என்று பாராட்டுகின்றது. இதனைத் தனித்து எடுத்துப் பாராட்ட நேர்ந்ததென்றால், குறைத்துக் கொடுத்தாரும் அந்நாளில் இருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் இக்கேள்வி நெடுங்காலம் உயிருள்ள கேள்வியாக இருந்தது. தோட்டத்துக் கடையில் அரிசியும் பருப்பும் கடனுக்கு வாங்கப்பட்டன. 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் கணக்கு ஏறியது. சம்பள நாளன்று கழிந்தது. கட்டிக்குப் பதினாறு தாஹில், ஏறத்தாழ 605 கிராம். தாஹில் ஒன்று குறைந்தாலும் கூலிக்காரரின் அடுப்பில் அது தெரியும். கூலியை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி கட்டாயப்படுத்துவதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் விலக்கியது. எடைக்கும் அளவைக்கும் 1972இல் தனிச் சட்டம் வந்தது. ஆயினும் தராசின் முள்ளை உற்று நோக்கி, பக்கத்து வீட்டாரிடம் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்த்த லயத்துப் பெண்ணின் கண்ணே எல்லாவற்றிலும் பெரிய காவலாக இருந்தது.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. குடும்பங்கள் பல சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. கடைகளும் மாறின. நூறு கிளைகள் உடைய நிறுவனத்தின் முதலாளி எந்தக் கிளையின் கல்லாவிலும் அமர்வதில்லை. தம் பெயரால் அங்கே என்ன நடக்கின்றது என்பதை அறிய அவர் கூலி கொடுத்துக் கண்களை அமர்த்துகின்றார். ஆங்கிலத்தில் மிஸ்டரி ஷாப்பர் எனப்படும் இவரைத் தமிழில் மறைநுகர்வோர் எனலாம். அமெரிக்காவில் 1940களில் வில்மார்க் என்னும் நிறுவனம் இப்பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தது என்பர். தொடக்கத்தில் ஊழியர் பணம் கையாடுகின்றனரா என்று பார்ப்பதே நோக்கமாக இருந்தது. பின்னரே உபசரிப்பையும் தூய்மையையும் அளக்கும் கருவியாக இது விரிந்தது.

புதிதாக இத்தொழிலில் இறங்குவோர் முதலில் அறிய வேண்டியது, இது குடும்பத்தைத் தாங்கும் தொழில் அன்று என்பது. வாங்கிய பொருளின் விலை திரும்பக் கிடைக்கும். அதன்மேல் ஒரு சிறு கூலி வரும். அதுவும் அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே, பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து வரும். முகவர் நிறுவனம் ஒரு குறிப்பை அனுப்பும்: எந்தக் கிளை, எந்த நாள், எந்த நேரத்திற்குள், என்ன கேட்பது, என்ன வாங்குவது என்பன அதில் இருக்கும். அதனை வீட்டிலேயே மனத்தில் பதித்துக்கொண்டு செல்ல வேண்டும். கடைக்குள் தாளை எடுத்து எழுதுபவரை யார்தான் அறியார்? நுழைந்த நேரம், வரிசையில் நின்ற நிமிடம், கல்லாவில் இருந்தவரின் பெயர்ப்பட்டை, சொன்ன சொல் ஆகியவற்றை வெளியே வந்ததும் எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தால் மூன்று நிமிடம் ஐந்து நிமிடமாக வளர்ந்துவிடும். நினைவின் இயல்பு அது. ரசீதைத் தொலைத்தால் உழைப்பு வீண். பெட்ரோல் நிலையம், துரித உணவுக்கடை போன்ற எளிய இடங்களே பயிற்சிக்கு ஏற்றவை.

சட்டமும் சிறிது தெரிந்திருத்தல் நன்று. 2008 ஏப்ரல் முதல் மலேசியாவில் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை ஐந்து காசின் மடங்காகத் திருத்தப்படுகின்றது. 12 வெள்ளி 33 காசுக்கு 12 வெள்ளி 35 காசு வாங்கிய பெண் இரண்டு காசு ஏமாற்றினாள் என்று புதியவர் எழுதினால், அது அவள்மேல் வீண்பழி.

இத்தொழிலின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவோரும் உளர். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று முன்பணம் கேட்பவன் முகவன் அல்லன்; வேலை கொடுப்பவன் கூலி தருவானேயன்றிக் கேட்கமாட்டான். கைப்பேசிச் செய்தியில் வந்து, முதலில் சிறு தொகை கொடுத்து நம்ப வைத்து, அடுத்த பணிக்குப் பெருந்தொகை கட்டச் சொல்வது இன்னொரு வழி. வட அமெரிக்காவில் போலிக் காசோலை அனுப்பி, அதை வங்கியில் போட்டு, ஒரு பகுதிக்குப் பரிசு அட்டை வாங்கி எண்ணை அனுப்பச் சொல்வர். காசோலை திரும்பும்போது இழப்பு வாங்கியவர் தலையில். பணம் கட்டச் சொல்லும் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022இல் அமைந்த தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது. தம் வங்கிக் கணக்கைப் பிறர்க்கு இரவல் கொடுப்பதோ குற்றமாகவே முடியும்.

இனி அறிக்கை. ‘பணிப்பெண் அலட்சியமாக நடந்தாள்’ என்பது தீர்ப்பு. ‘கேள்வி கேட்டபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, பின்னால் எட்டுப் பேர் நின்றனர், கல்லா ஒன்றே திறந்திருந்தது’ என்பது சாட்சி. முதலாளிக்கு வேண்டியது இரண்டாவதே. முதல் வாக்கியம் அவளைக் குற்றவாளி ஆக்கும். இரண்டாவது, இன்னொரு கல்லாவைத் திறக்காத மேலாளர் வரை செல்லும்.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை இக்கண்கொண்டு படிப்பது பயன்தரும். ஒற்றர் நோக்க வேண்டியவர்களை எண்ணும் வள்ளுவர், பகைவரை இறுதியில் வைத்து, தம் வினை செய்வாரை முதலில் வைக்கின்றார். ஐயுறாத தோற்றம் வேண்டும் என்கின்றார். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னொருவனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்; ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் கொள்ளலாம் என்கின்றார். ஒரே கிளைக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஆளை அனுப்பும் இன்றைய வழக்கம் இதுவே. ஒருவர் ஒருமுறை கண்டது அன்றைய நிலையை மட்டுமே காட்டும்.

இவ்வதிகாரம் 59ஆவது. அதற்கு முன் நிற்கும் 58ஆவது அதிகாரம் கண்ணோட்டம். வேவு பார்க்கச் சொல்லுமுன் இரக்கத்தைச் சொல்லி வைத்த அடைவு கருதத்தக்கது. அக்கண்ணோட்டமும் கடமையைக் கெடுக்காத கண்ணோட்டமாக இருக்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்திலேயே உண்டு. எனவே நின்றது மூன்று நிமிடம் என்றால் மூன்று என்றே எழுத வேண்டும்; இரக்கத்தால் ஒன்றாக்குதலும் எரிச்சலால் ஐந்தாக்குதலும் ஒரே பிழை.

2025இல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் அவ்வளவே பெறுபவர். சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ அவர் தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பத்தின் மகளாகவும் இருக்கலாம். தம் பணி இவ்வாறு அவ்வப்போது மறைவாகச் சோதிக்கப்படும் என்பதை ஊழியர்க்கு முன்னரே தெரிவித்திருக்க வேண்டும் என்று ஈசோமார் என்னும் அனைத்துலக ஆய்வாளர் அமைப்பின் வழிகாட்டி கூறுகின்றது. முகவரிடம் முதல் பணியை ஏற்குமுன், அவ்வாறு தெரிவிக்கப்பட்டதா என்று கேட்பதற்குப் புதியவர்க்கும் உரிமை உண்டு.